ஆர்.பி.ஜி. நிரல்களைப் புதிய நடைக்கு மாற்றுதல்: எங்கிருந்து தொடங்குவது?

கொம்பனித்தெரு நிரலர் எழுதியது:

வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு நிதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் ஐந்து பேர் கொண்ட குழுவை வழிநடத்துகிறேன். எங்கள் குத்தகை, கடன், நிலையான வைப்புக் கணக்குகள் அனைத்தும் இன்றும் ஐ.பி.எம். நிறுவனத்தின் வணிக நிரல் மொழியான ஆர்.பி.ஜி.யில் எழுதிய நிரல்களில்தான் ஓடுகின்றன. பழக்கத்தால் எல்லோரும் ஏ.எஸ்./400 என்று அழைக்கும் ஐ.பி.எம். கணினி எப்போதோ மாறிவிட்டது. இப்போதிருப்பது பவர் சேர்வர், அதில் ஐ.பி.எம். ஐ 7.4 என்ற இயங்குதளம் இயங்குகிறது. நிரல்கள் மட்டும் எழுதிய நாளில் இருந்தபடியே இருக்கின்றன.

எங்கள் மூலநிரல் நூலகத்தில் மூன்று தலைமுறைகள் உள்ளன. ஏ.எஸ்./400 அறிமுகமான 1988ஐ ஒட்டிய காலத்து ஆர்.பி.ஜி. 3 நடையில் எழுதியவை முதலாவது தலைமுறை. 1994இல் ஆர்.பி.ஜி. 4 வந்த பிறகு எழுதியவையும், மாற்றுக் கட்டளையினால் வரிக்கு வரி அப்படியே அதற்கு மாற்றப்பட்டவையும் இரண்டாவது. கணக்கீட்டுப் பகுதியைக் கட்டங்களுக்குள் (வரியில் ஒவ்வொன்றுக்கும் குறித்து வைத்த எழுத்து இடங்களுக்குள்) அடைக்காமல் எழுத 2001இல் வழி கிடைத்த பின் எழுதியவை மூன்றாவது. கோப்பு, மாறி அறிவிப்புகளுக்கு 2013இல் அதே வசதி வந்தது. முதல் வரியில் இரண்டு நட்சத்திரக் குறிகளையும் 'ஃப்ரீ' என்ற சொல்லையும் இட்டுவிட்டால் வரியின் எந்த இடத்திலும் எழுதலாம் என்ற நிலை 2015இல் வந்தது. அந்தக் கடைசி வகையில் எங்களிடம் ஒரு நிரல்கூட இல்லை.

இவ்வாண்டு இரண்டு பட்டதாரிகள் எங்களோடு இணைந்தார்கள். ஜாவாவும் பைத்தனும் படித்து வந்தவர்கள். 6ஆவது கட்டத்தில் ஏன் 'சி' என்ற எழுத்து இருக்க வேண்டும், 7ஆவது கட்டத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் வரி ஏன் குறிப்பாகிவிடுகிறது என்று முதல் நாளே கேட்டார்கள். 1959இல் ஐ.பி.எம். 1401 கணினிக்கு அறிக்கை அச்சிடுவதற்காகப் பிறந்த மொழி இது, 80 கட்டத் துளையட்டையின் அமைப்பை அன்று முதல் சுமந்து வந்தது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு அவர்களை இன்னும் பத்து ஆண்டுகள் இங்கே தக்கவைக்க முடியாது என்பது எனக்குத் தெரிகிறது.

புதிய நிரல்களை முழுக்கப் புதிய நடையில் எழுத முகாமைத்துவம் அனுமதி தந்துவிட்டது. பழையவற்றை என்ன செய்வது? கருவி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதா, திருத்தம் வரும்போது மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


பச்சைத்திரை எழுதியது:

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மொழியிலேயே வாழ்கிறேன். புதிய நடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு நிரலின் தோற்றத்தை மாற்றும்போது அதன் விடையும் மாறக்கூடும் என்பதை உங்கள் குழுவிலுள்ள ஒவ்வொருவரும் தெரிந்துகொண்ட பிறகே கை வையுங்கள். கையால் செய்து பார்க்கக்கூடிய இரண்டு உதாரணங்களைத் தருகிறேன்.

முதலாவது, திகதி. வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய மென்பொருள் பொதிகளில் திகதி மாதம், நாள், ஆண்டு என்ற ஒழுங்கில் ஆறு இலக்கமாக இருக்கும். அதை வரிசைப்படுத்துவதற்காக ஆண்டு, மாதம், நாள் என்று திருப்ப வேண்டும். அக்காலத்தில் நாங்கள் செய்தது ஒரே ஒரு பெருக்கல்: அந்த எண்ணை 10000.01 ஆல் பெருக்கி, விடையை ஆறு இலக்கப் புலம் (மதிப்பை வைக்கும் இடம்) ஒன்றில் இடுவோம். 1988 ஏப்ரல் 15ஐ எடுங்கள், அது 041588. பெருக்கினால் 415880415.88 வரும். ஆறு இலக்கப் புலத்துக்குள் கடைசி ஆறு இலக்கங்கள் மட்டுமே நுழையும், அதாவது 880415. ஒரே வரியில் திகதி திரும்பிவிட்டது. பழைய பெருக்கல் கட்டளை இடப்பக்க இலக்கங்களைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் என்ற நம்பிக்கையில்தான் இந்த உத்தி நிற்கிறது. இதையே புதிய நடையில் சமன்பாடாக எழுதினால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். விடையைத் தாங்க இலக்குப் புலம் போதாது என்ற ஆர்.என்.எக்ஸ். 0103 செய்தி வரும். நின்றுவிடுவது நல்லதுதான், ஏனென்றால் தவறு கண்ணுக்குத் தெரிகிறது.

தெரியாமல் போவது இரண்டாவது வகை. 125,750.50 ரூபாவுக்கு ஆண்டுக்கு 9.75 சதவீத வட்டி, 30 நாட்களுக்குக் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய நிரல் இதை மூன்று வரிகளில் செய்யும்; ஒவ்வொரு வரியின் விடையும் இரண்டு தசம இடங்கள் கொண்ட இடைப் புலத்தில் விழும். ஆண்டு வட்டி 12,260.67375, புலத்தில் நிற்பது 12,260.67. அதை 365 ஆல் வகுத்தால் 33.59. அதை 30 ஆல் பெருக்கினால் 1,007.70 ரூபா. அழகாக இருக்கட்டும் என்று அந்த மூன்று வரிகளையும் ஒரே சமன்பாடாக்கினால், இடையில் எதுவும் வெட்டப்படாமல் 1,007.7266 வரை சென்று, கடைசியில் 1,007.72 என்று நிற்கும். முழுமைப்படுத்தும் குறியையும் சேர்த்துவிட்டால் 1,007.73. கணிதத்தின்படி புதிய விடைதான் சரி. ஆனால் பழைய விடைதான் இத்தனை ஆண்டுகளாக வாடிக்கையாளரின் கூற்றில் அச்சிடப்பட்டு, பேரேட்டில் பதிந்து, கணக்காய்வாளர் கையொப்பமிட்டது. இரண்டு மூன்று சதம்தானே என்று நினைக்காதீர்கள். எல்லாக் கணக்குகளுக்கும் சேர்த்து மாத இறுதியில் மொத்தம் பொருந்தாது, பொருந்தாததற்கான காரணத்தைத் தேடுபவருக்கு ஒரு பிழைகூட அகப்படாது.

ஆகவே கருவியை வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவதற்கு நான் உடன்படவில்லை.


தெமட்டகொடை தொகுப்பாளர் எழுதியது:

ஐயா சொன்ன இரண்டும் உண்மை. எனினும் 'தொடும்போது மட்டும் மாற்றுவோம்' என்ற கொள்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் கண்டிருக்கிறேன். தொடப்படாத நிரல்கள் தொடப்படாமலே இருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் ஓய்வு பெற்ற பின்னர்தான் அவற்றில் ஒன்று உடையும்.

நாங்கள் நடுவழி ஒன்றைப் பின்பற்றினோம். இரு நட்சத்திர வரி இல்லாத மூலத்தில் பழைய கணக்கீட்டு வரிகளும் புதிய வரிகளும் கலந்து இருக்கலாம். ஆகவே கோப்பு அறிவிப்புகள், மாறி அறிவிப்புகள், கோப்பை வாசிக்கும் 'செயின்', 'ரீட்' போன்று நேருக்கு நேர் இணையுள்ள கட்டளைகள், நிபந்தனைகள் ஆகியவற்றைக் கருவியால் மாற்றினோம். ஒரு புலத்திலுள்ளதை இன்னொன்றுக்கு நகர்த்தும் 'மூவ்', இடப்பக்கத்திலிருந்து நகர்த்தும் 'மூவ்-லெஃப்ட்', பழைய கூட்டல் பெருக்கல் கட்டளைகள், வேறு வரிக்குத் தாவும் 'கோ-டு' ஆகியவற்றைப் பழைய வடிவத்திலேயே விட்டுவிட்டோம். இரு நட்சத்திர வரியை இட்டுவிட்டால் அந்த மூலத்தில் பழைய வடிவ வரி ஒன்றுகூட இருக்க முடியாது, தொகுப்பி (மூலநிரலை இயந்திரம் ஓட்டும் நிரலாக்கும் கம்பைலர்) ஏற்காது. அதனால் அந்த முதல் வரியே எங்களுக்கு ஓர் அடையாளமாகிவிட்டது: அது இருந்தால், அந்த நிரலிலுள்ள ஒவ்வொரு 'மூவ்' வரியையும் ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்துத் தீர்த்திருக்கிறார் என்று பொருள். கருவிக்கு அந்த வரியை இடும் உரிமையை நாங்கள் கொடுக்கவில்லை.


வெள்ளவத்தை புதியவள் எழுதியது:

நான் இந்தத் துறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. புதிதாக வருபவருக்கு உண்மையில் எது தடையாக இருக்கிறது என்று சொல்லலாமா?

கட்டங்கள் அல்ல. அவற்றுக்கு ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். என்னைத் தடுத்தவை எண்ணிட்ட இன்டிகேட்டர்களும் (விளக்குப் போல எரிந்தோ அணைந்தோ இருக்கும் ஆம்-இல்லைக் குறிகள்) ஆறெழுத்து மாறிப் பெயர்களும்தான். 'இன்டிகேட்டர் 41 எரிந்திருந்தால் இதைச் செய்' என்று 900ஆவது வரி சொல்லும். 41ஐ எரியவைத்தது 210ஆவது வரியிலுள்ள ஒரு கோப்பு வாசிப்பு. இடையில் இன்னோர் இடத்திலும் அதே 41 வேறொரு தேவைக்குப் பயன்பட்டிருக்கும். இந்த நிரலை அப்படியே புதிய நடைக்கு மாற்றி வரி முடிவில் அரைப்புள்ளி இட்டாலும் எனக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை. 'கோப்பில் கிடைத்ததா' என்று பொருள்படும், மொழியில் உள்ளமைந்த செயற்கூற்றை (அழைத்தால் விடை தரும் சிறு நிரற்பகுதியை) அந்த இடத்திலேயே கேட்கும்படி எழுதினால், எந்தக் கோப்பைப் பற்றிய கேள்வி என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. திரையின் அமைப்பை வைத்திருக்கும் திரைக் கோப்புகளுக்கு இன்டிகேட்டர்கள் இருந்தே தீரும் என்றாலும், இன்டிகேட்டர் தரவமைப்பு ஒன்றை இணைத்து 99 எண்களுக்கும் பெயர் கொடுத்துவிடலாம். 'எண் 62' என்பது 'தவணைப் பிழை' என்று மாறியபோது எனக்கு அந்த நிரல் முதன்முறையாகப் பேசத் தொடங்கியது.

நான் சந்தித்த ஒரு சிக்கலையும் சொல்கிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் முன்பு ஒன்பது எண்களும் ஓர் எழுத்துமாகப் பத்து இடங்கள் கொண்டது; முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. 2016 முதல் அது பன்னிரண்டு இலக்கங்கள். முதல் நான்கும் ஆண்டு. எங்கள் நிறுவனத்தில் புலத்தை 12 ஆக நீட்டிவிட்டார்கள், கோப்புகளை மீண்டும் தொகுத்தார்கள், பணி முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு காப்புறுதி நிரலில் 'மூவ்-லெஃப்ட்' வரி ஒன்று, இலக்கத்தின் முதல் இரண்டு இடங்களை எடுத்து இரண்டு இலக்க ஆண்டுப் புலத்தில் இட்டுக்கொண்டிருந்தது. புதிய அட்டையோடு வந்த, 2000க்கு முன் பிறந்த ஒவ்வொருவரும் அந்த நிரலின் கணக்கில் 1919இல் பிறந்தவர்கள் ஆனார்கள். நூறு வயதைத் தாண்டியவருக்குக் கடன் காப்புறுதி இல்லை என்று விண்ணப்பம் திரும்பியது. இருபத்தெட்டு வயதான ஒரு பெண் கருமபீடத்தில் நின்று ஏன் என்று கேட்டபோது கிளையிலுள்ள எவருக்கும் பதில் தெரியவில்லை. அந்த வரியில் 'அடையாள அட்டை' என்ற சொல்லே இல்லாததால் தேடியவர்களின் கண்ணில் அது படவில்லை. இரண்டு ஆறெழுத்துப் பெயர்கள் மட்டுமே இருந்தன.


மாதமுடிவு எழுதியது:

தங்கச்சி சொன்னதைத்தான் நானும் வேறு வழியில் கற்றுக்கொண்டேன். ஓர் இறக்குமதி விநியோக நிறுவனத்தின் விலைப்பட்டியல் நிரல்களைப் பார்த்துவந்தேன். பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூனில் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 15. 2024 ஜனவரியில் 18. ஏறத்தாழ நான்காண்டு காலத்தில் நான்கு மாற்றங்கள்.

முதல் மாற்றத்தின்போது வரி விகிதம் எங்கள் நிரல்களில் எத்தனை வடிவங்களில் ஒளிந்திருந்தது என்பதைக் கண்டு மனம் தளர்ந்தேன். சில இடங்களில் 0.15, சில இடங்களில் 1.15, சில இடங்களில் 15ஐப் பெருக்கி 115ஆல் வகுப்பது. அவற்றைத் திருத்தினோம். 2022 ஜூனில் மீண்டும் திருத்தியபோது, மே மாதத்து விலைப்பட்டியலுக்குப் பொருள் திரும்பி வந்தால் வரவுக் குறிப்பு பழைய விகிதத்தில் செல்ல வேண்டும் என்பதைத் தவறவிட்டோம். அந்தத் தவறுக்குப் பிறகுதான், விலைப்பட்டியல் திகதியைக் கொடுத்தால் அன்றைய விகிதத்தைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூற்றை எழுதி, பல நிரல்களும் பகிர்ந்து அழைக்கக்கூடிய சேவை நிரல் ஒன்றில் வைத்தோம். விகிதங்களும் அவை நடைமுறைக்கு வந்த திகதிகளும் அட்டவணையில் இருந்தன. செப்டெம்பரில் அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்தோம். 2024இல் இன்னொரு வரிசை. அவ்விரு முறையும் ஒரு நிரலைக்கூட மீண்டும் தொகுக்கவில்லை.

அந்தச் செயற்கூற்றை அழைத்த நிரல்களில் பெரும்பாலானவை இன்றும் கட்ட நடையில்தான் இருக்கின்றன. ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: நடையை மாற்றுவதற்கு முன்னால், பல நிரல்களில் சிதறிக் கிடக்கும் ஒரு விதியைத் தேர்ந்தெடுத்து, புதிய நடையில் ஒரு செயற்கூறாக வெளியே எடுங்கள். பழைய நிரலில் மாறுவது அழைக்கும் ஒரு வரி மட்டுமே.


கோட்டை இயக்கப் பிரிவு எழுதியது:

நான் நிரல் எழுதுபவன் அல்லன். நாள் முடிவு ஓட்டத்தைக் கவனிப்பவன். இந்த மாற்றங்களின் விளைவு இரவில் எங்களிடம்தான் வந்து சேரும் என்பதால் ஓர் அனுபவத்தைப் பதிகிறேன்.

பழைய நிரல்களில் முடிவில் 'எல்.ஆர்.' ('கடைசிப் பதிவு') இன்டிகேட்டரை எரியவிடுவார்கள். அது எரிந்தால் நிரல் முடியும்போது அது திறந்த கோப்புகள் தாமாக மூடப்படும். ஓர் இளைஞர் விசாரணைத் திரை ஒன்றைப் புதிய நடையில் எழுதும்போது ஆர்.பி.ஜி. தானாகவே ஓட்டும் பழைய சுழற்சியைக் கைவிட்டு, முதன்மைச் செயற்கூற்றிலிருந்து தொடங்கும் முறையைப் பயன்படுத்தினார். அம்முறையில் எல்.ஆர். தேவையில்லை என்பதால் அந்த வரியை எடுத்துவிட்டார். ஆனால் அம்முறையில், முழு நிரலுக்கும் பொதுவாக அறிவித்த கோப்புகள் தாமாக மூடப்படமாட்டா. மூடும் கட்டளையை நாமே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செயற்பாட்டுக் குழு (பயனரின் அமர்வுக்குள் நிரல் ஓடும் பகுதி) முடியும்வரை கோப்பு திறந்தே இருக்கும். கிளை ஊழியர் ஒருவர் திரையிலிருந்து வெளியேறி, ஆனால் கணினியிலிருந்து வெளியேறாமல் வீட்டுக்குச் சென்றுவிட்டார். இரவு 9 மணிக்கு அந்தக் கோப்பைத் துடைத்து மீண்டும் நிரப்ப வேண்டிய படி, கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்று கூறி நின்றது. சோதனையில் இது எவருக்கும் அகப்படவில்லை. சோதிப்பவர் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வெளியேறினார்.

புதிய நடையில் எழுதிய நிரல் நேரலைக்கு வருவதற்கு முன், அது திறக்கும் கோப்புகளின் பெயர்களை எங்களிடம் ஒரு வரியில் தாருங்கள். வேறு எதையும் கேட்கவில்லை.


கொம்பனித்தெரு நிரலர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு துணைக் கேள்வி. எங்களுள் இரு மூத்தவர்கள், பழைய முனையத்தின் பச்சைத் திரையில் மூலநிரலைத் தட்டித் திருத்தும் எஸ்.இ.யு. என்ற கருவியை விட்டு வர மறுக்கிறார்கள். நான் எழுதிய புதிய அறிவிப்பு வரிகள் அவர்களுடைய திரையில் பிழை என்று காட்டப்படுகின்றன. அதனால் புதிய நடையே பிழையானது என்று ஒருவர் எண்ணுகிறார். எப்படி எடுத்துச் சொல்வது?


பச்சைத்திரை எழுதியது:

அவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எஸ்.இ.யு.வின் இலக்கணச் சோதனை இயங்குதளத்தின் 6.1 பதிப்போடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பின் மொழிக்கு வந்த எதையும் அது அறியாது. அது பிழை என்று காட்டும் வரியைத் தொகுப்பி ஏற்றுக்கொள்ளும். தொகுத்துக் காட்டுங்கள், நம்புவார்கள்.

நானும் மறுத்தவன்தான். என் விரல்களுக்கு அந்த வரி எண் பகுதிக் கட்டளைகள் அவ்வளவு பழகியிருந்தன. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற புதிய எழுதுகருவிக்கு மாறிய முதல் மாதம் என் வேலை வேகம் பாதியாகக் குறைந்தது. பிறகு ஒரு நாள், ஒரு மாறியின் மீது சுட்டியை வைத்ததும் அது எந்தக் கோப்பின் எந்தப் புலம், எத்தனை இலக்கம் என்று காட்டியது. அந்தத் தகவலுக்காக இத்தனை ஆண்டுகள் நான் தொகுப்புப் பட்டியலை அச்சிட்டு, அளவுகோலை வைத்து வரி வரியாகப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மூத்தவர்களுக்கு இன்னொரு தயக்கமும் இருக்கக்கூடும், அதை அவர்கள் வெளியில் சொல்லாமல் இருக்கலாம். நாங்கள் ஒரு திருத்தம் செய்தால் முதல் ஐந்து கட்டங்களில் எங்கள் அடையாளத்தை இடுவோம். ஒவ்வொரு வரிக்கும் திருத்திய திகதியும் மூலக் கோப்பிலேயே பதிவாகும். 92 எழுத்து நீளமுள்ள பழைய மூலக் கோப்பில் 80 நிரலுக்கு, ஆறு வரிசை எண்ணுக்கு, ஆறு திகதிக்கு. முழுப் புதிய நடையில் முதல் கட்டமே நிரலுக்குரியது, எனவே அடையாளத்துக்கு இடமில்லை. மூலத்தைக் கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியத்துக்கு மாற்றினால் வரித் திகதிகளும் உடன் வருவதில்லை. 1997இல் இந்த வரியை யார் எழுதினார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்த ஒரு ஏற்பாட்டைக் கைவிடச் சொல்கிறோம். ஆகவே மாற்றுவதற்கு முன்னால் பழைய மூலங்களை அந்தத் திகதிகளோடு தனி நூலகத்தில் சேமித்து, வாசிக்க மட்டும் அனுமதி கொடுத்து வைத்துவிடுங்கள். அப்படி வைத்திருப்பதை அவர்களுக்கு நேரில் காட்டுங்கள்.

இன்னொன்று, மறக்கும் முன். இரண்டு இலக்க ஆண்டை உள்ளமைந்த திகதிச் செயற்கூற்றிடம் கொடுத்தால் அது 1940 முதல் 2039 வரையான நூறாண்டுக்குள் வைத்தே புரிந்துகொள்ளும். 1938இல் பிறந்த ஓய்வூதியக்காரர் 2038இல் பிறந்தவராகிவிடுவார். நிலையான வைப்பில் அப்படியான வாடிக்கையாளர்கள் உங்களிடம் இருப்பார்கள்.


கொம்பனித்தெரு நிரலர் எழுதியது:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். குத்தகைத் தாமத வட்டி நிரலை முதலில் எடுத்தோம். மாதமுடிவு சொன்னபடி வட்டிக் கணக்கை மட்டும் செயற்கூறாக வெளியே எடுத்து, புதிய நடையில் எழுதினோம். பழைய விடையும் புதிய விடையும் ஒரே கோப்பில் அருகருகே விழும்படி ஒரு சோதனை நிரலை அமைத்து, கடந்த ஆண்டின் பன்னிரண்டு மாத இறுதிகளையும் மீண்டும் ஓட்டினோம். எதிர்பார்த்தபடியே சதங்கள் வேறுபட்டன. இடைப் புலங்களின் தசம இடங்களை அப்படியே வைத்து மூன்று வரிகளாகத் திரும்ப எழுதிய பிறகு பெரும்பாலான வேறுபாடுகள் மறைந்தன.

மறையாமல் எஞ்சியவை பதினொரு கணக்குகள். அவை அனைத்தும் பெரிய வாகனக் குத்தகைகள். பழைய நிரலில் ஓர் இடைப் புலம் ஏழு இலக்கம் கொண்டது, அதில் இரண்டு தசமத்துக்கு. 99,999.99ஐத் தாண்டிய தாமத வட்டியின் இடப்பக்க இலக்கத்தை அது வெட்டியிருக்கிறது. புதிய செயற்கூறு அதே இடத்தில் 0103 செய்தியோடு நின்றது. அதாவது பச்சைத்திரை ஐயா முதல் பதிவில் காட்டிய அதே வெட்டு, எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது. இந்தப் பதினொன்றையும் கணக்காய்வாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவர் பதில் தரும்வரை நிரலை நேரலைக்குக் கொண்டுவரவில்லை, புலத்தையும் நீட்டவில்லை.

இயக்கப் பிரிவுக்கு: அது திறக்கும் கோப்புகள் நான்கு; பெயர்களை உங்களைப் போன்ற எங்கள் இரவுப் பணியாளரிடம் கொடுத்துவிட்டோம். மூடும் வரியை எழுதியவர் புதிதாக வந்த பட்டதாரி. இரு நட்சத்திர வரியை அவரே இட்டார்.